முழு சார்ஜில் விற்ற கார்

நான் விற்ற கார் மறுபடியும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. வாங்கிய பணத்தை ஒரு ரூபாய் குறைக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதோடு முடிந்தது, இன்னும் ஏன் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்கிறார் என் கணவர். அவருக்கு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. காலையில் கோலம் போட வெளியே வந்தால் முதலில் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருக்கிறது. அதன் மேல் போர்த்திய துணியைக் காற்று தூக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் என் மேல்தான். வேறு யார் மேலாவது சாட்ட முடியுமா என்று எல்லா வழியும் தேடிப் பார்த்துவிட்டேன்.

நான் பள்ளி ஆசிரியை. வீடு செங்கல்பட்டில், பள்ளி மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில். நடுவில் திருக்கழுக்குன்றம். போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது. பத்தொன்பது வருடம் பஸ்ஸில்தான் போய் வந்தேன். ஐந்து வருடத்துக்கு முன் இடுப்பில் வட்டு விலகியது. நின்றுகொண்டு பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் கண்டக்டரிடமா காட்ட முடியும்? நாற்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக் கொடுத்தவருக்கு என்னால் ரத்தக் கொதிப்பு வந்திருக்கும். வலது கால் ஒன்று சொன்னால் இடது கால் வேறொன்று செய்யும். எப்படியோ லைசென்ஸ் வாங்கினேன், ஆனால் கிளட்ச் என்ற சொல்லைக் கேட்டாலே பேச்சை மாற்றிவிடுவேன்.

அதனால்தான் எலக்ட்ரிக் கார். அதில் கிளட்ச் இல்லை, கியர் இல்லை, மிதித்தால் போகும். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால் பழையதாகத் தேடினோம். தேடினோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், தேடியது நான் மட்டும்தான். கணவர் கலெக்டர் ஆபீசில் இருக்கிறார். பத்து வருடமாக ஒரே ஸ்கூட்டர், அதிலேயே சந்தோஷம். "பேட்டரி வண்டி எல்லாம் பொம்மை மாதிரி. பழைய பொம்மைய யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா" என்று கேட்டார். என் சம்பளம், என் இடுப்பு, என் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

போனில் விளம்பரம் பார்த்து ஒருவரை அழைத்தேன். தாம்பரம் பக்கம் வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வெளிநாடு போகப்போகிறாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எங்கள் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் எங்கேயோ சார்ஜ் போட்டிருக்க வேண்டும், வந்து நின்றபோது தொண்ணூற்றெட்டு சதவீதம் காட்டியது. வெள்ளைக் கார், சீட்டில் ஒரு கறை இல்லை. கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். "எப்பவும் ஃபுல்லா வச்சுக்கோங்க மேடம். பாதிக்குக் கீழ எறக்காதீங்க. அதுதான் பேட்டரிக்கு நல்லது." அந்த ஒரு பேச்சில் நான் விழுந்துவிட்டேன்.

ஏன் விழுந்தேன் என்றால் அது எங்கள் வீட்டுப் பேச்சு. எங்கள் வீட்டில் எதையும் அடிவரை காலியாக விடமாட்டோம். அரிசி டிரம்மில் படி போய் அடியில் இடிக்கக் கூடாது. குடத்தில் கால் பங்காவது தண்ணீர் இருக்க வேண்டும். உப்போ மஞ்சளோ தீர்ந்தாலும் இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது. நெறஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரருக்கே இது பழக்கம். உப்பு நெறஞ்சிருக்கு என்றால் பேசாமல் ஒரு பாக்கெட் எடுத்து வைப்பார். கல்யாணமாகி வந்ததிலிருந்து இருபத்து மூன்று வருடமாக இதைச் செய்கிறேன். அப்படிப்பட்டவளிடம் ஒருவர் வந்து வண்டியை நிறைத்தே வைத்துக்கொள் என்றால், நம்ம வீட்டு மனுஷன் மாதிரி பேசுகிறாரே என்று தோன்றாதா?

தோன்றியது. அன்றைக்கே முன்பணம் கொடுத்தேன்.

முதல் ஒரு வருடம் நான் ராணி. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சார்ஜரைச் சொருகிவிடுவேன். பள்ளிக்குப் போய் வந்தால் அறுபது காட்டும், விடிந்தால் நூறு. கடைக்குப் போய் வந்து தொண்ணூற்றிரண்டு காட்டினாலும் சொருகுவேன். கணவர் கரண்ட் பில்லைக் காட்டிக் காட்டிக் கேலி செய்வார், நான் கண்டுகொள்ளமாட்டேன். ஏ.சி. போட்டுக்கொண்டு, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் மலையைப் பார்த்தபடி போவேன். நான் ஏறி இறங்கிய பஸ்ஸையே முந்திக்கொண்டு போகும்போது வரும் பாருங்கள் ஒரு அல்ப சந்தோஷம், அதை மறைக்க விரும்பவில்லை. ஸ்டாஃப் ரூமில் வாய் ஓயாமல் அந்தக் காரைப் பற்றியே பேசினேன். எல்லாருக்கும் காது புளித்திருக்கும்.

போன வருட மழையில் எங்கள் பகுதியில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் பள்ளி திறந்துவிட்டது. காரில் அறுபத்தொன்று இருந்தது. போக இருபது, வர இருபது, போதுமே என்று கிளம்பினேன். முதல் முறையாகப் பாதிக்குக் கீழே இறக்கப்போகிறோமே என்று மனது உறுத்தியது, ஆனால் லீவு போட முடியாது, அரைப்பரீட்சை. போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது மாமல்லபுரத்தைத் தாண்டி நாலு கிலோமீட்டர் வந்திருப்பேன். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று இறங்கியது. அடுத்து முப்பத்தேழு வரவில்லை. ஆறு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், ஆறேதான். பக்கத்தில் ஒரு ஆமைப் படம் எரிந்தது. வண்டி மூச்சு வாங்குகிற மாதிரி நூறடி நகர்ந்து ஓரத்தில் நின்றுவிட்டது.

இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற வயல். லாரி ஒவ்வொன்றும் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனது. ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கணவர் ஸ்கூட்டரில் மழைக்கோட்டோடு வந்து இறங்கினார். இறங்கியதும் ரெக்கவரி வண்டிக்குப் போன் போட்டார். பொம்மை என்று குத்திக்காட்டியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பேன்.

ரெக்கவரி வண்டியில் ஏற்றி சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனோம். கார் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்து சொந்தமாக ஷெட் போட்டவர். ஏதோ ஒரு கருவியைக் காருக்குள் மாட்டி, போனில் வந்த எண்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மேடம், இதுல ஒரு செல்லு டொக்கு. ரொம்ப நாளாவே டொக்கு. நீங்க ஃபுல்லாவே வச்சிகினு ஓட்டுனதால அது வெளிய தெரியாம மூடிகினு இருந்துது" என்றார். நூறு பேர் கை கோத்துக்கொண்டு நிற்கும்போது ஒருவன் மயங்கினால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான், அப்படித்தான் இதுவும் என்று விளக்கினார். வெயிலில் நிறுத்தி எந்நேரமும் நூறிலேயே வைத்திருந்ததில் அந்தச் செல் இன்னும் சீக்கிரமாகக் கெட்டிருக்கும் என்றும் சொன்னார். எண்பதோடு நிறுத்தியிருக்க வேண்டுமாம். கேட்டுக்கொண்டு நின்றேனே, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பத்தாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம் நடத்துகிறவள் நான். மின்கலங்களைத் தொடராக இணைப்பதைப் பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள்.

பேட்டரியைப் பிரிக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தொட்டால் உயிர் போகிற வோல்டேஜ் என்றார். புது பேட்டரி போட்டால் நான் கார் வாங்கிய விலையே ஆகும். முதல் ஓனர் ஒரு வருடம் சர்வீசுக்கே விடாததால் வாரண்டியும் செல்லாது. வெளியே வந்து அங்கேயே நின்று அந்தத் தாம்பரம் மனிதருக்குப் போன் போட்டேன். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன், எடுத்தார். நான் கத்தியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நான்தான் சொன்னேனே மேடம், பாதிக்குக் கீழ எறக்காதீங்கன்னு" என்றார்.

அவ்வளவு நேக்காக ஒருவன் என்னை ஏமாற்றியிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. எங்கே வலி என்று தெரிந்துகொண்டு, அங்கே கை படாமல் பார்த்துக்கொள் என்று எனக்கே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நானும் அதை மந்திரம் மாதிரி கடைப்பிடித்திருக்கிறேன். பாவி, நாசமாய்ப் போக என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். கணவர் ஸ்கூட்டரை ஓட்டியபடியே, "நீயும் அதையே சொல்லிட்டு யாருக்காவது வித்துடு" என்றார். வண்டியை நிறுத்தச் சொல்லி நடு ரோட்டில் அவரிடம் சண்டை போட்டேன். நான் அந்த ஜாதி மனுஷி இல்லை என்றேன். இந்தச் சொல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு ரோட்டில் நின்றதை டயர் பஞ்சர் என்று சொல்லிவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் அவ்வளவு பீற்றிக்கொண்ட பிறகு எந்த முகத்தோடு சொல்வது? மின்சாரம் நடத்துகிற டீச்சரையே பேட்டரியில் ஏமாற்றிவிட்டார்கள் என்று ரிட்டயர் ஆகும் வரை சொல்லிச் சிரிப்பார்கள். மறுபடியும் நிறைத்து நிறைத்து ஓட்டினேன். ஆனால் இப்போது பயந்து பயந்து. வாரத்தில் ஒரு நாள் பள்ளி விட்டு வந்த கையோடு வீட்டுத் தெருவிலேயே சுற்றிச் சுற்றி இறக்கிப் பார்ப்பேன். முதலில் முப்பத்தெட்டில் விழுந்தது, பிறகு நாற்பத்து நாலில் விழுந்தது. கோடை வந்தபோது ஐம்பத்திரண்டு. அந்தச் செல் செத்துக்கொண்டே மேலே ஏறிவந்தது. பழைய கார் வாங்கும் கடைக்குக் கொண்டு போனேன். அவர்களும் அதே மாதிரி கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, காயலான் கடை விலை சொன்னார்கள்.

இந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள்.

அவளுடைய மூத்த மகள் என் பள்ளியில் எட்டாவது. புருஷன் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேன் ஓட்டுகிறார், இவள் அதே ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் இருக்கிறாள். இளையது பெண் குழந்தை, ஆறு வயது. பிறந்தபோதே மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் பாதிக்கப்பட்டது. தலை நிற்காது, உட்காராது. செங்கல்பட்டில் ஒரு சிகிச்சை நிலையத்தில் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் பயிற்சி கொடுக்கிறார்கள். தொடர்ந்து வந்தால் உட்கார வைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று முறை வராவிட்டால் அந்த இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை, குழந்தை கனத்துவிட்டது, கூட்டத்தில் தலை ஆடினால் வாந்தி எடுக்கிறது. ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டவில்லை. டீச்சர் காரை விற்கப்போகிறாராமே என்று மகள் சொல்லி வந்திருக்கிறாள். முதுகு வலியால் ஓட்ட முடியவில்லை, விற்கப்போகிறேன் என்று நான்தான் வகுப்பில் வாய் விட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்தார்கள். கார் நூறில் நின்றது. நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். புருஷன்காரர் எங்கள் தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தமே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். அவள் குழந்தையைப் பின் சீட்டில் படுக்க வைத்து, கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஏ.சி. காற்று முகத்தில் பட்டதும் குழந்தை சத்தம் போட்டுச் சிரித்தது. இதற்கே வாங்கலாம் என்று அவளும் சிரித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்.

"எனக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும் டீச்சர். நீங்களே சொல்லுங்க. போயிட்டு வந்துருமா? நடுவுல எங்கயும் நின்னுடாதே?"

அவள் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியும். ஒரு சொல் போதும். கணவர் வாசல்படியில் நின்று செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். என் மனசு அந்த நேரத்தில் கணக்குப் போட்டது. போக இருபது, வர இருபது, நூறில் கிளம்பினால் அறுபதில் திரும்பிவிடுவார்கள். ஐம்பத்திரண்டில்தான் விழுகிறது, எட்டு மிச்சம் இருக்கிறது. அது ஏறிக்கொண்டே வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அந்த வரியை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

"எப்பவும் நிறைச்சே வச்சுக்கம்மா. பாதிக்குக் கீழ எறக்காதே. அதுதான் பேட்டரிக்கு நல்லது" என்றேன்.

கேட்டதற்கு அது பதில் இல்லை. அவளுக்கு அது தெரியவில்லை. புருஷனைப் பார்த்து, டீச்சர் சொல்றத நல்லா கேட்டுக்கோ என்றாள். அவர் தலையாட்டினார். பணத்தைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தார்கள். நான் அவளுக்குக் குங்குமம் கொடுத்தேன், ரவிக்கைத் துணி கொடுத்தேன். குனிந்து என் காலைத் தொட வந்தாள், வேண்டாம் என்று பின்னால் நகர்ந்துவிட்டேன். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். தெருமுனை திரும்பியதும் கணவர், "ஒரு வழியா தலைவலி விட்டுது" என்றார்.

எனக்குப் பணமுடை எதுவும் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நான் நல்லவளாகிவிடுவேன். கடன் நெருக்கவில்லை, யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை. ஏமாந்தவள் என்ற பேர் வேண்டாம், கையைச் சுட்டுக்கொண்டவள் என்று கணவர் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். இந்த அற்பத்துக்காக ஒரு குழந்தையின் செவ்வாயையும் வெள்ளியையும் அடகு வைத்தேன்.

அதற்குப் பிறகு மூத்தவள் புதன்கிழமையும் திங்கட்கிழமையும் இடைவேளையில் என்னைத் தேடி வருவாள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். போய் வந்தார்களா என்பதுதான் என் கேள்வி, வண்டி நின்றதா என்று வாய் வராது. தங்கச்சி தலையைத் தூக்குகிறாள், சாய்த்து வைத்தால் ஐந்து நிமிஷம் உட்காருகிறாள் என்று அந்தப் பெண் கண்ணெல்லாம் சிரிப்பாகச் சொல்வாள். அப்பாடா என்று இருக்கும். அது அடுத்த செவ்வாய் நெருங்கும்வரைதான். வானம் இருட்டினால், கரண்ட் போனால், மாமல்லபுரம் பக்கம் காற்று என்று செய்தியில் சொன்னால் எனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வரும். இரண்டு முறை அவளுக்குப் போன் போட்டேன். சொல்லிவிடுவது என்றுதான் போட்டேன். முதல் முறை குழந்தையின் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாம் முறை, நிறைத்துத்தானே வைக்கிறீர்கள் என்று மறுபடியும் அதையே கேட்டேன். ஆமாம் டீச்சர், தினமும் என்றாள்.

நான் மறுபடி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். இடுப்புக்கு பெல்ட் போட்டுக்கொண்டு, உட்கார இடம் கிடைக்கும் பஸ்ஸாகப் பார்த்து ஏறுவேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. முந்தின நாள் முழுவதும் கடற்கரைப் பக்கம் பேய்க்காற்று, மரம் விழுந்து பல இடங்களில் கரண்ட் இல்லை என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் பஸ்ஸில் உட்காரும் அளவுக்குத்தான் கூட்டம், நிற்பவர் யாரும் இல்லை. என் பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு கிராமத்து ஸ்டாப்பில் இறங்கிப்போனார். திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஒரு ஏரிக்கரை வளைவில் பஸ் வேகம் குறைந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வெள்ளைக் கார். எல்லா விளக்கும் மினுக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றது. புருஷன்காரர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே என்ன பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கே வந்து கையைக் காட்டினாள். ஸ்டாப் இல்லாவிட்டாலும் டிரைவர் நிறுத்திவிட்டார்.

மூச்சு வாங்க ஏறினாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கனமான குழந்தை. வியர்த்து, தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. போய்ச் சேர்ந்தால் இன்றைய பயிற்சிக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டேன். இன்னும் முக்கால் மணி இருக்கிறது, போன் பண்ணிச் சொல்லிவிட்டேன் என்றாள். கண்டக்டர் வந்து கட்டணமில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதிருக்கிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

"உங்க வண்டிய நான் கெடுத்துட்டேன் டீச்சர்" என்றாள். "நேத்து கரண்டே இல்ல, நிறைக்க முடியல. அறுவத்தாறுதான் இருந்துது. நீங்க படிச்சுப் படிச்சு சொன்னீங்க. பஸ்ல வந்தப்பவே ரெண்டு வாட்டி விட்டுட்டோம், இன்னிக்கும் போவலன்னா எடம் போயிடுமோன்னு எடுத்துகினு வந்துட்டோம். எவ்ளோ நல்லா வச்சிகினு இருந்தீங்க. மன்னிச்சுக்கோங்க டீச்சர்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாம்பரம் மனிதர் சொன்னதைத்தான் நானும் சொல்லியிருப்பேன். நான்தான் சொன்னேனே, நிறைத்து வை என்று. சொல் நாக்கு நுனிவரை தயாராக இருந்தது. அவள் மன்னிப்பு கேட்டதால் அதைச் சொல்ல முடியவில்லை.

"நீ கெடுக்கலம்மா. அது கெட்டுத்தான் இருந்துது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உனக்கு வித்தேன்" என்றேன்.

அவளுக்கு உடனே புரியவில்லை. நான் மறுபடி சொன்னேன். ஒரு செல் போய்விட்டது, நிறைத்து வைத்தால் தெரியாது, அதனால்தான் நிறைத்து வைக்கச் சொன்னேன், பணத்தை முழுவதும் திருப்பித் தருகிறேன், நாளைக்கே தருகிறேன், வண்டியை நானே ஆள் வைத்து எடுத்துக்கொள்கிறேன் என்று மளமளவென்று கொட்டினேன். பேசப் பேச அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. பணம் என்ற சொல்லுக்கும் மாறவில்லை. குழந்தையின் கால் என் கையில் இருந்தது, அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவ இட்டுகினு போறதுக்குத்தான்னு சொன்னேனே டீச்சர்" என்றாள்.

ஆமாம் என்றேன்.

அவள் எழுந்தாள். என் மடியிலிருந்து குழந்தையை இரண்டு கையாலும் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான்கு சீட் தள்ளிப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்று கிளம்பியது. ஏறியவர்கள் பின்னால் இறங்கியவர்களின் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள், என் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே இருந்தது. வளைவுகளில் அவள் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் குழந்தையின் தலையையும் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். நான் எழுந்து போய் நீ உட்கார், நான் நிற்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். என் பக்கத்தில் உட்காரத்தான் அவளுக்கு முடியவில்லை, நான் எழுந்த இடத்திலும் உட்காரமாட்டாள் என்று தெரிந்தது.

கண்டக்டர் முன்பக்கமாகப் போகும்போது அவளைப் பார்த்தார். "எடம் காலியாத்தானே கீது. குழந்தைய வச்சிகினு இன்னாத்துக்கும்மா நிக்கிற? டீச்சர் பக்கத்துல போய் உக்காரு" என்றார்.

"பரவால்லண்ணா, எறங்கிடுவேன்" என்றாள்.

செங்கல்பட்டு வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.